முனியாயி வீட்டு மரப்பட்டி

மேற்குக் கொச்சி நகரஜீவி சகவாழ்வு சமிதியை யாரும் குறை சொல்லக் கூடாது. அவர்கள் எதையும் முறைப்படிதான் செய்வார்கள். முதலில் ஒருவர் வரவேற்புரை சொல்வார். இன்னொருவர் தலைமை வகிப்பார். மூன்றாமவர் குத்துவிளக்கு ஏற்றி உத்காடனம், அதாவது தொடக்கவிழா, செய்வார். அதன்பிறகு வந்திருக்கிறவர்களில் வேட்டி கசங்காதவர்கள் அத்தனை பேரும் ஆசம்சை, அதாவது வாழ்த்து, சொல்வார்கள். கடைசியில் நன்றி சொல்ல ஒருவர் எழுந்திருக்கும்போது பருப்புவடை ஆறிப்போயிருக்கும். இதற்கு நடுவில் வேலை ஏதாவது நடந்ததா என்று கேட்கிறவர்கள் பொதுவாழ்க்கை தெரியாதவர்கள்.

ஊருக்குள் மனிதர்களோடு ஒண்டிக்கொண்டிருக்கும் காட்டு ஜீவிகளைக் கௌரவிப்பது சமிதியின் கடமை. இந்தக் கடமையை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள் என்று சிலர் கேட்டதுண்டு. அவர்களே கூட்டம் போட்டுத் தங்களுக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் ஒரு உத்காடனம் இருந்தது.

முனியாயிக்கு இந்தச் சமிதியைத் தெரியவே தெரியாது. அவளுக்குத் தெரிந்த ஒரே எதிரி ரஜிதா. மட்டாஞ்சேரியில் அரிசிக் கிடங்கை ஒட்டிய சந்தில், அண்ணன் தம்பி இரண்டு பேரும் நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்ட பழைய வீடு அது. இந்தப் பக்கம் அண்ணன் ராக்கப்பன். கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. அவன் பெண்டாட்டிதான் முனியாயி. அந்தப் பக்கம் தம்பி ஷாஜி; ஆட்டோ ஓட்டுகிறான். அவன் பெண்டாட்டி ரஜிதா. சுவர் ரொம்ப மெல்லிசு. இந்தப் பக்கம் மீன் பொரித்தால் அது மத்தியா அயிலையா என்று அந்தப் பக்கம் சொல்லிவிடுவார்கள். முனியாயியின் பொறாமையைத் தடுத்து நிறுத்த அந்தச் சுவர் கொஞ்சமும் போதவில்லை.

ரஜிதா வைத்த கறிவேப்பிலை தழைக்கும். முனியாயி வைத்ததில் பூச்சி விழும். ரஜிதா மலையாளப் பத்திரிகையை வாய்விட்டு வாசிப்பாள். முனியாயிக்குத் தமிழ் எழுத்துக் கூட்டினால் வரும், மலையாளம் பேச மட்டும்தான் வரும். இதையெல்லாம்கூட பொறுத்துக்கொள்ளலாம். முனியாயி பெற்று வளர்த்த ஒரே மகள் சுமா, சின்ன வயசிலிருந்தே எதற்கெடுத்தாலும் "சித்தி, சித்தி" என்று அந்தப் பக்கம் ஓடுவாள். அதைத்தான் முனியாயியால் ஜீரணிக்க முடிந்ததில்லை.

சுமாவைக் களமசேரியில் ஜிதினுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. இப்போது முதல் பிரசவம். முறைப்படி தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் ஜிதினின் அம்மா பாக்கியலக்ஷ்மி போனில் ஒரு நிபந்தனை போட்டாள்.

"எங்க ரூம்ல ஏசி இருக்கு சம்பந்தி. வர்ற மீன மாசச் சூட்டுல புள்ளத்தாச்சிய மட்டாஞ்சேரிக்கு அனுப்பி வேகவைக்கவா? நீங்க ஏசி வைங்க, அனுப்பறேன். இல்லேன்னா பிரசவம் இங்கதான்."

ஆகவே முனியாயி ஏசி வாங்கினாள். மழைக்காலத் தள்ளுபடியில் வாங்கி முன்னறையில் மாட்டினாள். மாட்டியவள் ஒருநாளும் போடவில்லை. பேரப்பிள்ளை வந்துதான் முதல் காற்றை அனுபவிக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல், மேலே ஒரு குங்குமப் பொட்டு வைத்துப் பாதுகாத்தாள். அந்தக் குழந்தை பிறந்து முதன்முதலில் கண்ணுறங்குவது தன் வீட்டில், தன் மடியில், தன் ஏசிக்குக் கீழே இருக்கவேண்டும். அவளுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை ஒன்றும் மிச்சம் இல்லை.

சுமா வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்று ராக்கப்பன் உறையைக் கழற்றி ரிமோட்டை அமுக்கினான். ஏசி ஒரு தரம் செருமியது. அப்புறம் உமி பறந்து வந்தது. உமியோடு நைந்த சாக்கு நூல், பழைய ரேஷன் கடைத் துண்டுக் காகிதம், ஒரு ரப்பர் செருப்பின் வார். கடைசியில் கீச்சென்று ஒரு சத்தம்.

ஏசி மெக்கானிக் ஷாஃபி ஏணி போட்டு ஏறிப் பார்த்தான்.

"எலியாணு சேச்சி. பைப்பு வர்ற ஓட்டைய அடைக்காம விட்டிருக்காங்க. கிடங்குல தின்னுட்டு இங்க வந்து உறங்குது. குடும்பமா இருக்கு. ஒண்ணும் பேடிக்க வேண்டா. நாளைக்கு வந்து கழட்டிக் கழுவி, ஓட்டையையும் அடைச்சுத் தரேன். உச்சைக்கு முன்னாடி ஐஸ் மாதிரி குளிரும்."

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்று சாயங்காலம் சந்துக்குள் செண்டைமேளம் கேட்டது.

ரஜிதா வீட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். அவளிடம் ஏற்கெனவே ஒரு பழைய ஏசி உண்டு. அதன் வெளிப்பெட்டிக்குப் பின்னால் கூகை ஜோடி ஒன்று கூடு கட்டியிருந்ததாம். முகம் இதயவடிவில் இருக்கும் அந்த வெள்ளை ஆந்தைதான். பத்திரிகை வாசிக்கிற பெண் அல்லவா, சமிதியைப் பற்றி வாசித்துத் தெரிந்துகொண்டு சொல்லிவிட்டிருக்கிறாள்.

சமிதித் தலைவர் கிருஷ்ணபிரசாத் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர். எந்தப் பாடம் நடத்தினார் என்பது அவரிடம் படித்தவர்களுக்கும் நினைவில்லை. அவர் மைக்கைப் பிடித்து மலையாளத்தில் சொன்னார்:

"இந்தக் கூகை இந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது. நாங்கள் இந்தக் கூகையைத் தேர்ந்தெடுத்தோம். அப்படியானால் எங்களைத் தேர்ந்தெடுத்தது யார்? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நான் அமர்கிறேன்."

அமரவில்லை. இருட்டும்வரை பேசினார். பிறகு ரஜிதாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வாசலில் 'ஜீவி சினேக பவனம்' என்று ஒரு தகரப் பலகை அடித்தார்கள். கூகையின் ஓய்வைக் கெடுக்கக்கூடாது என்பதால் பழைய ஏசியை இனிமேல் போடக்கூடாது. அதற்குப் பதிலாக ஒரு புரவலர் புத்தம்புதிய ஏசி கொடுத்தார். அதையும் அப்போதே மாட்டினார்கள். மறுநாள் பத்திரிகையில் ரஜிதாவின் படம் வந்தது. பல் தெரியச் சிரித்திருந்தாள்.

முனியாயிக்கு வயிறு எரிந்தது. மற்றவர்களுக்கு ஆந்தை வந்தால் குடி கெடும் என்பார்கள். இவளுக்கு மட்டும் ஏசி வருகிறது.

காலையில் ஷாஃபி ஏணியோடு வந்து நின்றான்.

"நீ போ தம்பி" என்றாள் முனியாயி. "எலிய இப்ப எடுக்க வேணாம்."

"எடுக்க வேண்டாவா? மகளு வருதுன்னு சொன்னீங்களே சேச்சி."

"எங்க வீட்டு எலி, நான் வெச்சுக்கறேன், எடுக்கறேன். உனக்கென்னா?"

சமிதியின் அலுவலகம் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் ஒரு பழம்பொருள் கடையின் மாடியில் இருந்தது. கடைக்காரர் இடத்தை இலவசமாகக் கொடுத்திருந்தார். நாற்காலி மேஜையும் அவர் சரக்குதான். ஒவ்வொன்றிலும் விலைச்சீட்டு தொங்கியது. செயலாளர் வெங்கிட்டு, பெரிய செதுக்குவேலை செய்த சிம்மாசனம் போன்ற ஒன்றில் உட்கார்ந்திருந்தார். தமிழ் பேசுகிறவர் என்றதும் முனியாயிக்குத் தெம்பு வந்தது.

"என்ன ஜீவி?" என்றார் வெங்கிட்டு, பேனாவைத் திறந்துகொண்டு.

"எலி சாரே."

அவர் பேனாவை மூடினார். "எலியா? எலிக்கு நாங்க ஒண்ணும் பண்றதுக்கில்லையே அம்மா. எலி எல்லார் ஆத்துலயும் இருக்கு. எல்லார்ட்டயும் இருக்கற ஒண்ணுக்கு ஃபங்ஷன் எப்படி வைக்கறது?"

"அவ வீட்டு ஆந்தைக்கு வெச்சீங்களே."

"அது கூகையாக்கும். அதுக்கு ஒரு ஸ்டேட்டஸ் உண்டு, கேட்டேளா. பகல்ல வெளில வராது. யாரோடயும் ஒட்டாது. மேல உட்கார்ந்துண்டு எல்லாரையும் ஒரு பார்வை பார்க்கும். எங்க சேர்மனுக்கே அதைப் பார்த்தா நம்மாளுன்னு ஒரு இது."

"எலியும் இருட்டினாதான் வருது சாரே."

"வரட்டும். ஆனா அது எதுக்கு வருது? திங்கறதுக்கு. வயத்துப் பாட்டுக்காக ஓடற ஜீவியை எல்லாம் சமிதி எடுக்கறதில்லை. அதுக்குத்தான் கார்ப்பரேஷன் இருக்கு. அங்க சொல்லுங்கோ."

"எங்க வீட்டுக்காரரே கார்ப்பரேஷன்தான்."

"பின்னென்ன, ஆத்துலயே பரிகாரம் இருக்கே!"

அப்போது வெள்ளைக்காரர் ஒருவர் மாடியேறி வந்து சிம்மாசனத்தைத் தட்டிப் பார்த்தார். வெங்கிட்டு மரியாதையாக எழுந்து நின்றார். கடைப்பையன்கள் அதைக் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். சமிதியின் மீதி அலுவல்களை வெங்கிட்டு நின்றுகொண்டே கவனித்தார்.

வீட்டுக்கு வந்த முனியாயி அடுப்பைப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். ராக்கப்பனிடம் கேட்டாள். "ஏங்க, எந்த ஜீவிக்கு ஸ்டேட்டஸ் உண்டு?"

ராக்கப்பன் யோசித்தான். "மரப்பட்டிக்கு உண்டு. நம்ம ஊர்ப் பக்கம் மரநாய்ம்பாங்களே. முந்தி கிடங்கு மச்சுல ஒண்ணு இருந்துச்சு. ஃபாரஸ்ட்காரங்க வந்துதான் புடிச்சாங்க. நாங்க தொட்டா கேஸாகும்னாங்க."

"அது எப்படி இருக்கும்?"

"நான் எங்க பாத்தேன்? வாசம்தான் வந்துச்சு. பிரியாணி தம் போட்ட மாதிரி. ஆளுக பசியில சுமைய இறக்கி வெச்சிட்டு மோந்துக்கிட்டே நிப்பாங்க."

முனியாயி எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பிரியாணி செய்யும் கைமா அரிசி ஒரு பிடி, அதற்குப் போடும் ரம்பை இலை ஒரு கட்டு, தண்ணீர் நிறைய. வெந்து வாசம் ஏறியதும் வடித்து ஆறவைத்து, ஏசி மேலும் சுவரிலும் திரைச்சீலையிலும் தெளித்தாள். மிச்சத்தை அடுத்த நாளைக்கு எடுத்துவைத்தாள். அப்புறம் ராக்கப்பனைச் சமிதிக்கு அனுப்பினாள்.

மரப்பட்டி என்றதும் சமிதி முழுசாக வந்தது. தலைவர், செயலாளர், ஒரு வக்கீல், ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஒருவர், வேறு யார் யாரோ. ஏசியின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறப்பது என்றால் அது ஒரு உத்காடனம். அதற்கு அழைப்பிதழ் அடிக்க வேண்டும். ஆகவே பதவி வரிசைப்படி ஒவ்வொருவராக நாற்காலி மேல் ஏறி மோந்தார்கள்.

"மரப்பட்டியேதான்" என்றார் வக்கீல். "நல்ல பிரியாணி வாசம்."

"பிரியாணி இல்லை, நெய்ச்சோறு" என்றார் தபால் அதிகாரி. "மசாலா இல்லையே."

இந்தக் கருத்துவேறுபாட்டைத் தீர்க்க அங்கேயே ஒரு துணைக்குழு அமைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் முடிவெடுப்பது விஞ்ஞானம் ஆகாது என்று துணைக்குழு கருதியதால், முக்கில் உள்ள ஷௌகத் அலியின் ஹோட்டலிலிருந்து பிரியாணியும் நெய்ச்சோறும் வரவழைக்கப்பட்டன. துணைக்குழு இரண்டையும் தீர ஆராய்ந்தது. ஆராய்ச்சி முடிந்தபோது இலையில் எலும்புதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஏசிக்குள் கீச்கீச் என்று சத்தம் கேட்டது.

"குட்டி!" என்றார் கிருஷ்ணபிரசாத். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "தாயும் சேயும்."

முனியாயி ஏசியை அண்ணாந்து பார்த்தாள். "திறந்து பாக்கலியா சாரே?"

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். "கண்ணால் பார்ப்பதுதான் ஆதாரம் என்று சாதாரண ஜனங்கள் நினைக்கிறார்கள். பார்த்தால் யாருக்குத்தான் தெரியாது? பார்க்காமலே ஒரு முடிவுக்கு வருவதற்குத்தானே அம்மா, படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஏசிக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். உத்காடனம்வரை அதைப் போடக்கூடாது. அறையில் மின்விசிறியும் கூடாது. சன்னல் திறக்கக்கூடாது. சத்தமாகப் பேசக்கூடாது. தாய் மரப்பட்டிக்கு தினமும் பழுத்த பூவன்பழம் வைக்கவேண்டும்.

"புது ஏசி எப்ப சாரே தருவீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள் முனியாயி.

"எல்லாம் ஃபங்ஷன்ல" என்றார் வெங்கிட்டு, அதைவிட மெதுவாக.

அவர்கள் போனதும் ரஜிதா வந்தாள். ரிப்பனைப் பார்த்தாள்.

"மரப்பட்டியா அக்கா?"

"ஆமா. குட்டியும் இருக்காம். உன் ஆந்தை முட்டை வெச்சுதா?"

ரஜிதாவின் முகம் சுருங்கியது. "அது அன்னிக்கே போயிடுச்சு அக்கா. செண்டைச் சத்தத்துல பறந்ததுதான், பின்னே வரல."

"அச்சச்சோ" என்றாள் முனியாயி. அன்றைக்கு அவளுக்குச் சோறு நன்றாக இறங்கியது. ரஜிதா தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. திரும்பத் திரும்ப அந்த முகத்தை நினைத்துப் பார்த்துக்கொண்டாள்.

உத்காடனம் தள்ளிப்போயிற்று. ஒரு பிரமுகர் வெளிநாட்டில் இருந்தார். இன்னொருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. மூன்றாமவர் வருவதாகச் சொல்லி அழைப்பிதழும் அடித்தபிறகு, தன் பெயர் வாழ்த்துரைக்காரர்களின் பெயரைவிடச் சிறிய எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்கினார். அழைப்பிதழை மறுபடியும் அடித்தார்கள். இதற்குள் எலிகள் பூவன்பழம் தின்று பூனைக்குட்டி அளவுக்கு வளர்ந்தன. பழத்தோலை அவை ஏசியிலிருந்து முனியாயியின் தலையிலேயே போட்டன.

"ஷாஃபியக் கூப்பிடலாம் புள்ள" என்றான் ராக்கப்பன். "சுமா வர்ற நாளாச்சு."

"ஃபங்ஷன் முடிஞ்சா ரெண்டு ஏசி ஆகும். அவளுக்கு ஒண்ணுதான் ஓடுது" என்றாள் முனியாயி.

சுமா வந்தாள். வயிறு முன்னால் வர, பாக்கியலக்ஷ்மி பின்னால் வந்தாள். முன்னறைக் கதவைத் திறந்ததும் கிடங்குச் சூடும் பழைய நெய்ச்சோற்று வாசமும் சேர்ந்து முகத்தில் அடித்தன. சுமா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள்.

"எங்க சம்பந்தி ஏசி?" என்றாள் பாக்கியலக்ஷ்மி.

"மெல்லப் பேசுங்க. உள்ள மரப்பட்டி இருக்கு."

பாக்கியலக்ஷ்மி ரிப்பனைப் பார்த்தாள், பழத்தோலைப் பார்த்தாள், முனியாயியைப் பார்த்தாள். "மகளே, பெட்டிய எடு. களமசேரிக்கே போலாம்."

அப்போதுதான் ரஜிதா எட்டிப் பார்த்தாள். "ஐயோ, மோளு வியர்த்து நிக்குதே! இங்க வாடி. நம்ம ரூம்ல நல்ல தணுப்பு. இன்னிக்கு ஒருநாள் இரு, நாளைக்கு மெதுவா ரோசிக்கலாம்."

சுமா அம்மாவைப் பார்த்தாள். "ஒரு நாள்தானேம்மா" என்று சொல்லிவிட்டுச் சுவரின் அந்தப் பக்கம் போனாள். பாக்கியலக்ஷ்மி அங்கே போய் ஏசிக் காற்றில் கையை நீட்டிப் பார்த்துத் திருப்தியோடு களமசேரிக்குக் கிளம்பினாள். சுமாவுக்கு அந்த ஒருநாள் முடியவே இல்லை. மெல்லிய சுவர் வழியே முனியாயிக்கு எல்லாம் கேட்டது. சித்தி கால் பிடித்துவிட்டாள். சித்தி பிஞ்சு மாங்காய் நறுக்கிக் கொடுத்தாள். சித்தி ஏதோ சொல்ல இவள் விழுந்துவிழுந்து சிரித்தாள். முனியாயி காதைச் சுவரில் வைத்துக்கொண்டு வியர்வையில் நனைந்து கிடந்தாள்.

அவள் சமிதிக்கு ஓடினாள். வெங்கிட்டு இப்போது ஒரு பழைய ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருந்தார்.

"சாரே, எனக்கு எந்த ஃபங்ஷனும் வேணாம். அந்த ரிப்பன எடுங்க. என் மகளு அந்தப் பக்கம் போய்க் கிடக்கா."

"ரிப்பனை வெட்டத்தான் முடியும், எடுக்க முடியாது. வெட்டறதுக்கு ஆள் கிடைச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை. அதுவரைக்கும் மகளைப் பெத்துக்காம இருக்கச் சொல்லுங்கோ" என்றார் வெங்கிட்டு. கேலியாகச் சொல்லவில்லை. நிகழ்ச்சி நிரலைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை சந்து அடைபட்டது. முனியாயியை மேடையில் தலைவருக்கு அடுத்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, விளக்கு. ஏற்கெனவே கௌரவம் பெற்ற குடும்பத்தின் சார்பில் ஆசம்சை சொல்ல ரஜிதாவை அழைத்தார்கள். அவள் தங்குதடையில்லாத மலையாளத்தில் பேசிக் கைத்தட்டல் வாங்கினாள். தன் ஃபங்ஷனிலும் அவளுக்குத்தான் கைத்தட்டலா என்று முனியாயி பல்லைக் கடித்தாள். பேசிவிட்டு ரஜிதா மேடையில் உட்காராமல் வீட்டுக்குள் போய்விட்டாள்.

பிரமுகர் ரிப்பனை வெட்டினார். மேடையிலிருந்தே எல்லோருக்கும் தெரியும்படி முன்னறைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். வக்கீல் ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினார். உமியும் சாக்கு நூலும் பழத்தோலும் கொட்டின. அவற்றோடு எலிகள் தொபுதொபுவென்று விழுந்தன. ஒன்று நேராக வாசலுக்கு ஓடிவந்து, மேடையேறி, தலைவரின் சரிகைக்கரை வேட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.

முனியாயி எழுந்துவிட்டாள். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. அறை திரும்பக் கிடைத்தால் போதும் என்று அவளுக்கு ஆகிவிட்டது.

"சாரே, அது எலி! நான்தான் மரப்பட்டின்னு பொய் சொன்னேன். ரம்பை இலை வேகவெச்சுத் தெளிச்சேன். எலிதான் சாரே, எடுத்திட்டுப் போகச் சொல்லுங்க!"

தலைவர் வேட்டியில் தொங்கியதைக் குனிந்து பார்த்தார். எலி அவரை நிமிர்ந்து பார்த்தது. அவர் மைக்கைத் தட்டிச் சரிபார்த்தார்.

"சகோதரி உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார். இது எலியைப் போலத் தெரிகிறது, உண்மை. ஆனால் சமிதியின் தீர்மானத்தில் மரப்பட்டி என்று இருக்கிறது. ஒரு சிறு பிராணியின் தோற்றத்துக்காக இவ்வளவு பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட தீர்மானத்தை மாற்ற முடியுமா? இது மரப்பட்டியின் குட்டி. வளரும். சமிதி காத்திருக்கும். இந்த அறை இன்றுமுதல் நிரந்தரமான பாதுகாப்பிடம் என்று அறிவிப்பதில் நான் பெருமை கொள்கிறேன்."

கைத்தட்டல் சந்தைத் தாண்டிக் கேட்டது. வக்கீல் எலிகளை ஒவ்வொன்றாகத் துண்டால் பிடித்து, மரியாதையோடு திரும்ப ஏசிக்குள் வைத்து மூடியைப் பூட்டினார்.

"அப்ப என் புது ஏசி?" என்றாள் முனியாயி.

வெங்கிட்டு குனிந்து அவள் காதில் சொன்னார். "உங்களுக்குக் குடுத்தாச்சே அம்மா. வீட்டு நம்பர் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஒரு வீட்டுக்கு ஒரு ஏசி. சுவர் நீங்களா கட்டிண்டது, சமிதிக்கு அது தெரியாது. அந்தப் பக்கம் நன்னா ஓடறதே, போய் உட்காருங்கோ."

அந்த நேரத்தில்தான் ரஜிதா வாசலுக்கு வந்து கையை வீசிக் கூப்பிட்டாள். சுமா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். ஷாஜி கூட்டத்தை விலக்கி ஆட்டோவைத் திருப்பினான். "அக்கா, வலி முத்திடுச்சு, வாங்க!" என்றாள் ரஜிதா.

முனியாயி மேடையிலிருந்து இறங்கக் காலை எடுத்துவைத்தாள்.

"பலகை குடுக்கலை இன்னும்" என்றார் வெங்கிட்டு. "போட்டோக்காரர் ரெடி. ஒரு நிமிஷம்."

பித்தளைப் பலகை. ரஜிதாவுடையதைப் போலத் தகரம் இல்லை, அதைவிடப் பெரிசு. நாளைப் பத்திரிகையில் வரும். ரஜிதா சுமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஏற்றட்டும், அதற்கும் ஒரு நிமிஷம் ஆகுமல்லவா. முனியாயி நின்றாள். தலைவர் பலகையைக் கொடுப்பதுபோல் நின்றார். போட்டோக்காரர் கொஞ்சம் இடப்பக்கம் நகரச் சொன்னார். பிரமுகர் கண்ணை மூடிவிட்டதால் இன்னொன்று எடுத்தார். சிரிக்கச் சொன்னார். முனியாயி பல் தெரியச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தபோது ஆட்டோ இல்லை.

ராக்கப்பன் ஒரு ஸ்கூட்டர்காரனைக் கெஞ்சிக் கூட்டிவந்து அவளை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குள் நன்றியுரையும் முடிந்து வடையும் கொடுத்துவிட்டார்கள். அவள் பலகையோடு பிரசவ வார்டுக்கு மூச்சிரைக்க ஏறியபோது ரஜிதா வெள்ளைத் துண்டில் எதையோ பொதிந்து நின்றுகொண்டிருந்தாள்.

"பையன் அக்கா. கைநீட்டி வாங்க ஆளு வேணும்னாங்க. நீங்க வரல, நான் வாங்கிட்டேன்."

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எந்த வீட்டுக்கு என்று யாரும் கேட்கவில்லை. நேராக ரஜிதாவின் ஏசி அறைக்குப் போயிற்று. முனியாயி குளித்து, துவைத்த சேலை கட்டி, சுவரின் அந்தப் பக்கம் போனாள். பத்திரிகையையும் எடுத்துப் போனாள். அவள் படம் ரஜிதாவுடையதைவிடப் பெரிசாக வந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினாள்.

"கை கழுவிட்டு வாம்மா" என்றாள் சுமா. கோபமாகச் சொல்லவில்லை. "எலி இருக்கற வீட்லேருந்து வரே."

"மரப்பட்டிடீ" என்றாள் முனியாயி. வாய் தானாகச் சொன்னது.

சுமா குழந்தையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் படுக்கவைத்தாள்.

முனியாயி பின்கட்டுக்குப் போய் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். மோந்து பார்த்தாள். ரம்பை இலை வாசம் இன்னும் இருந்தது. மறுபடியும் கழுவினாள். ரஜிதா ஒரு புதுத் துண்டை நீட்டி, "துடைங்க அக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நகக்கண்ணை எல்லாம் தேய்த்து முடித்து முனியாயி திரும்பி வந்தபோது, குழந்தை அழுது ஓய்ந்து ரஜிதாவின் மடியில் கண்ணயர்ந்திருந்தது.

"இப்பத்தான் அக்கா உறங்கினான்" என்றாள் ரஜிதா ரகசியமாக. "எடுத்தா முழிச்சிடுவான். செத்த இருங்க."

முனியாயி கழுவிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தாள். குழந்தையின் சுருட்டிய கை ரஜிதாவின் சேலை மடிப்பைப் பிடித்திருந்தது. முனியாயிக்கு அந்தச் சேலை மேல்கூடப் பொறாமையாக இருந்தது. அறை நன்றாகக் குளிர்ந்தது. அதை மட்டும் அவளால் குறை சொல்ல முடியவில்லை.